அரிதாக வரும் ஆபத்துக்கு ஆயத்தம்: வாய் அறுவை சிகிச்சையில் ஒத்திகைப் பயிற்சி

ஒரு பணியைத் திரும்பத் திரும்பச் செய்வதால் திறமை வளர்கிறது என்பது எல்லாத் தொழில்களுக்கும் பொருந்தும் விதி. கடைவாய்ப் பல்லை அகற்றும் அறுவை மருத்துவர் ஒருவர் அதே பணியை ஆயிரக்கணக்கான முறை செய்து கைப்பழக்கம் பெறுகிறார். ஆனால், மயக்க நிலையில் இருக்கும் நோயாளியின் குரல்வளை திடீரென இறுகி மூச்சு நின்றுபோவதை அவர் தமது பணிக்காலம் முழுவதிலும் ஓரிரு முறையே காண நேரலாம். ஒரு முறைகூடக் காணாமல் ஓய்வு பெறவும் கூடும். எந்தப் பணியில் தவறினால் இழப்பை ஈடு செய்யவே இயலாதோ அந்தப் பணியில் அனுபவம் மிகக் குறைவாக இருக்கிறது. அனுபவம் தானாக வந்து சேரும் என்று காத்திருப்பது, முதல் நோயாளியின் உயிரைப் பாடக் கட்டணமாகச் செலுத்துவதற்கு ஒப்பாகும். இந்தச் சிக்கலுக்கு மருத்துவ உலகம் கண்ட வழியே ஒத்திகைப் பயிற்சி. பொம்மையையோ, கணினியுடன் இணைந்த மாதிரி உடலையோ நோயாளியாகக் கொண்டு அவசர நிலையைச் செயற்கையாக உண்டாக்கி, அதைச் சமாளிக்கும் முறையைக் கற்பிப்பது இதன் சாரம்.

பல் மருத்துவத்துக்கு ஒத்திகை புதியதன்று. உயிருள்ள ஒருவரின் பல்லில் துளையிடுமுன் மாணவர்கள் செயற்கைத் தலையில் பொருத்தப்பட்ட பற்களில் பல மாதங்கள் பயிற்சி பெறுகின்றனர். பல்லுக்காக இவ்வளவு ஏற்பாடு செய்துள்ள கல்விமுறை, அதே வாயின் வழியாகச் செல்லும் மூச்சுக்காக அதே அளவு ஏற்பாடு செய்திருக்கிறதா என்பதே கேள்வி.

வாயின் தனித்தன்மை

மயக்க மருந்தின் வரலாறே பல் மருத்துவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரப் பல் மருத்துவர் ஹொரஸ் வெல்ஸ் 1844-ஆம் ஆண்டு நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசித்துத் தமது பல்லையே பிடுங்கச் செய்து சோதித்தார். அவருடைய முன்னாள் கூட்டாளியும் பல் மருத்துவருமான வில்லியம் மார்ட்டன், 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதரின் பயனை வெளிப்படையாக நிரூபித்துக் காட்டினார். வலியை வென்ற பெருமை இத்துறைக்கு உண்டு. வலியை வெல்லும் மருந்தால் வரும் ஆபத்தும் அன்று முதலே உடன் வருகிறது.

வயிற்றிலோ காலிலோ அறுவை நடக்கும்போது, அறுவை மருத்துவர் ஓரிடத்திலும் மயக்க மருந்து நிபுணர் நோயாளியின் தலைமாட்டிலும் இருந்து அவரவர் பணியைச் செய்கின்றனர். வாய் அறுவையில் இருவருக்கும் வேண்டியது ஒரே இடம். அறுவை நடைபெறும் வழியே மூச்சின் வழியாகவும் உள்ளது. இரத்தம், உமிழ்நீர், உடைந்த பல்லின் துண்டு, தொண்டையில் வைத்த துணி அடைப்பு ஆகிய ஒவ்வொன்றும் மூச்சுப் பாதையை அடைக்க வல்லவை. குரல்வளையில் ஒரு துளி இரத்தம் பட்டாலே, அரைகுறை மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு அது இறுகி மூடிக்கொள்ளக் கூடும்.

நமது நாட்டில் இதற்கு மேலும் ஒரு சுமை சேர்கிறது. பாக்கு, குட்கா முதலியவற்றை மெல்லுவோரின் வாயின் உட்சவ்வு நாராகி இறுகிவிடுவதை சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்கின்றனர். இந்நோய் முற்றியவர்களால் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாயைத் திறக்க இயலாது. சிறு வயதில் கீழே விழுந்ததாலோ, காதில் சீழ் பிடித்ததாலோ தாடை மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்ட குழந்தைகளும் நம் மருத்துவமனைகளுக்கு வருகின்றனர். பல் சீழை நாள்கணக்கில் கவனியாது விட்டு, நாக்கின் அடிப்பகுதி வீங்கி மூச்சு முட்டும் லுட்விக் ஆஞ்சைனா நிலையில் வருவோரும் உள்ளனர். வாயைத் திறந்து மூச்சுக்குழாயில் குழல் செலுத்தும் வழக்கமான முறை இவர்களிடம் பயன்படாது. மேலைநாட்டுப் பாடநூல்களில் ஒரு பத்தியில் முடிந்துவிடும் இந்நிலைகள் நமக்கு அன்றாட வாய்ப்புகளாகும். நமது ஒத்திகைகளின் பொருளும் அதற்கேற்ப அமைய வேண்டும்.

காலம் எவ்வளவு?

முன்கூட்டியே தூய பிராணவாயுவைச் சுவாசித்த ஆரோக்கியமான பெரியவருக்கு மூச்சு நின்றால், இரத்தத்தில் பிராணவாயு அபாய அளவுக்குக் குறைய ஏறக்குறைய 8 நிமிடங்கள் ஆகலாம். சிறு குழந்தைக்கும் மிகப் பருமனானவருக்கும் இதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. முன்கூட்டிப் பிராணவாயு கொடுக்கப்படாதவருக்கு நிலைமை இன்னும் கடினம். இதில் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டுவது இரத்தத்தில் உள்ள பிராணவாயுவின் அளவையே; மூச்சு நின்று சற்று நேரம் சென்ற பின்னரே அதன் எண் இறங்கத் தொடங்கும். வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் கருவியோ மூச்சு நின்ற உடனே அதைத் தெரிவித்துவிடும். எண் இறங்குவதைப் பார்த்த பின் விழித்துக்கொள்ளும் குழுவுக்கும், அலை நின்றதைப் பார்த்தே விழித்துக்கொள்ளும் குழுவுக்கும் இடையே உள்ள அந்தச் சிறிய இடைவெளி, குழந்தை நோயாளியின் வகையில் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடக் கூடும்.

விமானத்திலிருந்து அறுவை அரங்குக்கு

இப்பயிற்சியின் வேர்கள் மூன்று இடங்களில் உள்ளன. நார்வே நாட்டின் ஸ்டாவஞ்சர் நகரில் பொம்மை செய்து விற்றுவந்த ஆஸ்முண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் பயிற்சிக்கான பொம்மையை 1960-ல் உருவாக்கினார். உலகெங்கும் பரவிய முதல் உயிர்மீட்புப் பொம்மை அதுவே. 1960-களின் பிற்பகுதியில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் கணினியால் இயங்கும் 'சிம் ஒன்' என்ற மாதிரி உடலை மயக்க மருந்து மாணவர்களுக்காகவே உருவாக்கியது. அன்றைய கணினியின் விலை காரணமாக அது பரவவில்லை. 1980-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் காபா, மாதிரி உடலை மெய்யான அறுவை அரங்கில் கிடத்தி, குழு முழுவதையும் அதைச் சூழ நிறுத்திப் பயிற்றுவிக்கும் முறையைத் தொடங்கினார்.

காபாவின் முறைக்கு முன்மாதிரியாக விளங்கியது விமானத்துறை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குரிய டெனரிஃப் தீவில் இரு விமானங்கள் ஓடுபாதையில் மோதிக்கொண்டதில் 583 பேர் இறந்தனர். ஓடுபாதையில் மற்றொரு விமானம் இன்னும் இருக்கிறதோ என்ற ஐயத்தைப் பொறியாளர் எழுப்பினார். அனுபவம் மிக்க தலைமை விமானி அதைப் பொருட்படுத்தவில்லை. இயந்திரக் கோளாறைவிட, குழுவுக்குள் பேச்சு தடைப்படுவதே பல விபத்துகளுக்குக் காரணம் என்ற உணர்வு பரவியது. 1979-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இதற்கென ஆய்வரங்கு நடத்தியது. அதையடுத்து விமானக் குழுக்களுக்கான கூட்டுப் பயிற்சி பிறந்தது.

அறுவை அரங்கில் இந்தப் பாடம் நமக்குச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படுகிறது எனலாம். பேராசிரியர் பல்லை எடுத்துக்கொண்டிருக்கும்போது, "ஐயா, நிறுத்துங்கள், உதடு நீலமாகிறது" என்று முதுநிலை மாணவரோ செவிலியரோ உரக்கச் சொல்வது நமது பழக்கத்தில் எளிதன்று. சொல்லலாம் என்று சுற்றறிக்கை அனுப்புவதால் இது மாறிவிடாது. ஒத்திகையில் பத்து முறை சொல்லிப் பழகிய நாவே உண்மையான தருணத்தில் எழும்.

ஓர் ஒத்திகை நடைபெறும் விதம்

நான்கு வயதுக் குழந்தை, எடை 15 கிலோ, இரண்டு பக்கமும் பல பற்களை அகற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியில் இருப்பது பொம்மை. மரத்துப்போகும் ஊசி போடப்படுகிறது. சில நிமிடங்களில், பக்கத்து அறையிலிருந்து பயிற்சியாளர் குரல் கொடுக்கிறார்: குழந்தை தலை சுற்றுவதாகச் சொல்கிறது; இப்போது முகம் துடிக்கிறது; இப்போது வலிப்பு.

முதல் கேள்வி, எவ்வளவு மருந்து போயிற்று என்பது. லிக்னோகெய்ன் மருந்துக்கு, கிலோ ஒன்றுக்கு 4.4 மில்லிகிராம் என்ற கடுமையான வரம்பைக் கொண்டால் இக்குழந்தைக்கு மொத்தம் 66 மில்லிகிராமே தகும். 2 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் இருப்பதால், இது 3.3 மில்லிலிட்டர் மட்டுமே. மேலைநாடுகளில் மருந்து 1.8 மில்லிலிட்டர் அளவுள்ள சிறு கண்ணாடிக் குழல்களில் வருவதால், இரண்டாவது குழலை எடுக்கும்போதே கைக்கு எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. நமது சிகிச்சையகங்களில் பரவலாகப் பயன்படுவது 30 மில்லிலிட்டர் குப்பி. அதில் 600 மில்லிகிராம் மருந்து உள்ளது. குப்பியிலிருந்து திரும்பத் திரும்ப உறிஞ்சி எடுக்கும்போது கணக்கு தவற எவ்வளவு வாய்ப்புள்ளது என்பதை, ஒத்திகையில் கலந்துகொண்ட உதவியாளர் தம் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். அன்று முதல் குழந்தையின் எடையும் அதிகபட்ச மில்லிலிட்டர் அளவும் பலகையில் எழுதப்படும்.

அடுத்து, செயல். ஊசியை நிறுத்துவது, வாயிலுள்ள பஞ்சையும் கருவிகளையும் அகற்றுவது, உறிஞ்சுகுழாயால் துடைப்பது, தாடையை உயர்த்திப் பிராணவாயு கொடுப்பது, தேவையானால் முகமூடியும் பையும் கொண்டு மூச்சூட்டுவது, வலிப்பை அடக்கும் மருந்து கொடுப்பது, உதவிக்கு அழைப்பது. நச்சுத்தன்மை இதயத்தைத் தாக்கும் நிலை வந்தால் 20 சதவீதக் கொழுப்புக் கரைசலைச் சிரை வழியாகக் கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர், அதாவது இக்குழந்தைக்கு 22.5 மில்லிலிட்டர் செலுத்த வேண்டும். இவற்றை வரிசையாகச் சொல்லச் சொன்னால் முதுநிலை மாணவர் எவரும் பிழையின்றிச் சொல்லிவிடுவார். கடிகாரம் ஓட, வலிப்பு நிற்காமல் இருக்க, நான்கு பேர் ஒரே நேரத்தில் ஒரே கருவியைத் தேட, யார் தலைவர் என்பது யாருக்கும் தெரியாதிருக்கச் செய்து காட்டுவது வேறு.

பயிற்சியின் உண்மையான பயன் அதன் பின்னர் நடைபெறும் உரையாடலில்தான் கிடைக்கிறது. பத்து நிமிட ஒத்திகைக்குப் பின் இருபது, முப்பது நிமிடம் குழுவினர் வட்டமாக அமர்கின்றனர். யார் தவறினார் என்று கேட்பதில்லை. அந்தத் தருணத்தில் அவர் எதைப் பார்த்தார், என்ன நினைத்தார் என்றே கேட்கின்றனர். மதிப்பெண் போடும் தேர்வாக இதை மாற்றிவிட்டால் பங்கேற்போர் தங்கள் குழப்பத்தை மறைக்கத் தொடங்குவர். மறைத்த குழப்பத்தைத் திருத்த இயலாது.

அறையையும் சோதிக்கும் பயிற்சி

பயிற்சியை எங்கோ ஒரு நகரத்தின் மையத்தில் நடத்துவதைவிட, சிகிச்சை நடைபெறும் அதே அறையில், அதே ஊழியர்களோடு நடத்துவதில் தனிப் பயன் உண்டு. பிராணவாயு சிலிண்டர் இருக்கிறது, அதைத் திறக்கும் சாவி வேறு அறையில் இருக்கிறது. குழந்தைக்கான முகமூடி வாங்கப்பட்டது, உறை பிரிக்கப்படவில்லை. அட்ரினலின் ஊசி மருந்து தேதி கடந்தது. நாற்காலியை மட்டமாகச் சாய்க்கும் பொத்தான் மின்தடையில் இயங்காது. தூக்குப்படுக்கை மாடிப்படித் திருப்பத்தில் திரும்பாது. இத்தகைய குறைகளை எந்தத் தணிக்கைப் படிவமும் கண்டுபிடிப்பதில்லை. படிவம் 'உண்டா, இல்லையா' என்று கேட்கும். ஒத்திகை 'எத்தனை வினாடியில்' என்று கேட்கும்.

இந்தியச் சூழலில் இது முக்கியம். இங்குத் தனியார் பல் சிகிச்சையகங்களில் முழு மயக்கம் தேவைப்படும்போது, வெளியிலிருந்து மயக்க மருந்து நிபுணர் ஒருவர் தமது பெட்டியோடு வருவது வழக்கம். அவர் திறமையில் குறையில்லை. ஆனால் அந்த அறையை அவர் அன்றுதான் பார்க்கிறார். அங்குள்ள உதவியாளரின் பெயரைக்கூட அறியார். தனித்தனியே தேர்ந்த நால்வர் ஓரிடத்தில் கூடினால் குழு அமைந்துவிட்டது என்று கருதுவதற்கில்லை.

பயன் உண்டா?

செலவிடும் அரசுக்கு இக்கேள்வியைக் கேட்கும் கடமை உண்டு. அரிய நிகழ்வு என்பதால், பயிற்சிக்குப் பின் இறப்பு குறைந்தது என்று எண்ணிக்கையால் காட்டுவது எளிதன்று. ஆயினும் செயல் திறனை அளந்த ஆய்வுகள் உள்ளன. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 17 அறுவை அரங்கக் குழுக்கள் 106 செயற்கை அவசர நிலைகளைச் சந்தித்தன. அவசர நிலைக்கான சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்திருந்தபோது உயிர்காக்கும் செயல்களில் 6 சதவீதமே விடுபட்டன. நினைவை மட்டும் நம்பியபோது 23 சதவீதம் விடுபட்டன. சில அச்சிட்ட தாள்களின் விலையில் கிடைத்த வேறுபாடு இது! அந்தப் பட்டியல் பயனுள்ளதா என்பதைக் கண்டறிய உதவியதும் ஒத்திகை அரங்கே.

மறுபுறம், ஒரு நாள் பயிற்சி பெற்றுச் சான்றிதழைச் சுவரில் மாட்டுவதால் பெரும்பயன் இல்லை. மார்பை அழுத்தி உயிர்மீட்கும் திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது என்பது பல ஆய்வுகளின் முடிவு. ஆண்டுக்கொருமுறை நாள் முழுவதும் பயில்வதைவிட, மூன்று மாதத்துக்கொருமுறை அரை மணி நேரம் பயில்வது நினைவில் நிற்கும்.

இரு நாடுகள், இரு வழிகள்

பல் சிகிச்சையகங்களில் முழு மயக்கம் கொடுப்பதால் நேர்ந்த இறப்புகளைக் கண்ட பிரிட்டன், 2001 இறுதியோடு அதை மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியதாக்கியது. அமெரிக்காவில் வாய் அறுவை மருத்துவரே தமது சிகிச்சையகத்தில் மயக்க மருந்தும் கொடுக்கும் மரபு தொடர்கிறது. ஆகவே அங்கு நாட்டம் பயிற்சியின் பக்கம் சென்றது. அந்நாட்டின் வாய், முக அறுவை மருத்துவர்கள் சங்கம் அவசரகால மூச்சுப் பாதைப் பராமரிப்புக்கென மாதிரி உடலில் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. 2015-ல் கலிபோர்னியாவில் பல் அறுவையின்போது ஆறு வயதுச் சிறுவன் இறந்ததையடுத்து அம்மாநிலம் 2016-ல் இது குறித்துச் சட்டம் இயற்றியது. பின்னர் 2018-ல் இயற்றப்பட்டு 2022-ல் நடைமுறைக்கு வந்த மற்றொரு சட்டம், ஏழு வயதுக்குட்பட்டோருக்கு ஆழ்ந்த மயக்கம் அளிக்கும்போது கூடுதல் பயிற்சி பெற்ற ஆட்கள் உடனிருக்க வேண்டும் என்கிறது.

நமது நாட்டில் முழு மயக்கம் மயக்க மருந்து நிபுணரின் பொறுப்பு என்பதால் முதல் ஆபத்து ஓரளவு கட்டுக்குள் உள்ளது. ஆனால், நைட்ரஸ் ஆக்சைடு வழியாகவும் வாய்வழி மருந்து வழியாகவும் குழந்தைகளை அமைதிப்படுத்தி நடத்தும் சிகிச்சை நகரங்களில் பெருகிவருகிறது. அமைதிக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் இடையே வேலி ஏதும் இல்லை. ஒரே அளவு மருந்து ஒரு குழந்தையைத் தூங்கவைக்கும், மற்றொன்றின் மூச்சை அடக்கும். எல்லாச் சிகிச்சையையும் பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது என்ற பிரிட்டிஷ் வழி, மாவட்ட மருத்துவமனையில் அறுவை அரங்குக்கு ஏற்கெனவே வரிசை நிற்கும் நமக்கு முழுமையாக ஒத்துவராது. எனவே, எளிய சிகிச்சை நடக்கும் இடத்திலேயே ஆயத்தத்தை வளர்ப்பது தவிர்க்க முடியாததாகிறது.

பணம் எங்கே செல்ல வேண்டும்?

1920-ல் கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது தொடங்கிய ஒரே கல்லூரியிலிருந்து இன்று 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகளாக நாடு வளர்ந்துள்ளது. ஒவ்வொன்றுக்கும் விலையுயர்ந்த கணினி மாதிரி உடல் வேண்டும் என்ற கோரிக்கை எழுவது இயல்பு. இதில் எச்சரிக்கை தேவை. நமது வரவுசெலவு முறையில் மூலதனச் செலவுக்கு ஒப்புதல் பெறுவது எளிது; தொடர் செலவுக்கு ஒப்புதல் பெறுவது கடினம். நிதியாண்டின் கடைசி மாதத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரிக் கருவி வாங்கிவிடலாம். அதை இயக்கத் தெரிந்த ஆசிரியரின் நேரத்தையும், பராமரிப்பு ஒப்பந்தத்தையும் எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில்தான் கோப்பு நின்றுவிடுகிறது. பூட்டிய அறையில் துணி போர்த்திக் கிடக்கும் பொம்மை எவருக்கும் மூச்சூட்டக் கற்பிக்காது.

மாற்று வழி கையருகிலேயே உள்ளது. 2019-ல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தின்படி மருத்துவக் கல்லூரிகளில் செய்திறன் பயிற்சிக்கூடம் அமைக்கப்பட வேண்டும். பல பல் மருத்துவக் கல்லூரிகள் மருத்துவக் கல்லூரியின் வளாகத்திலேயோ அருகிலேயோ இயங்குகின்றன. கூடத்தை இரு கல்லூரிகளும் பகிர்ந்துகொள்ளத் தேவைப்படுவது பணமன்று, நேர அட்டவணை. இந்திய உயிர்மீட்பு மன்றம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பொதுமக்களுக்கும், மருத்துவமனைக்கு வெளியே உள்ள மருத்துவப் பணியாளருக்கும், மருத்துவமனைக்குள் இருப்போருக்கும் எனத் தனித்தனி உயிர்மீட்புப் படிகளை நமது சூழலுக்கேற்ப வகுத்துள்ளன. சிகிச்சையக வரவேற்பாளர் உட்பட அனைவருக்கும் இவற்றில் ஏற்றதைப் பயிற்றலாம். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இத்துறையின் கல்வியை ஒழுங்குபடுத்த வழிசெய்கிறது. முதுநிலைப் பாடத்திட்டத்தைத் திருத்தும்போது, பங்கேற்ற ஒத்திகைகளின் எண்ணிக்கையையும், செய்த அறுவைகளின் எண்ணிக்கையைப் போலவே மாணவரின் பதிவேட்டில் காட்டச் செய்வதற்கு இது தக்க வாய்ப்பு.

சிறு சிகிச்சையகத்தில் முதல் ஒத்திகைக்குப் பொம்மைகூடத் தேவையில்லை. நோயாளிகள் சென்ற பின், ஊழியர் ஒருவர் நாற்காலியில் படுத்துக்கொள்ள, மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து "மூச்சு இல்லை" என்று சொன்னால் போதும். மூச்சுப் பை கைக்கு வர எத்தனை வினாடி, சிலிண்டர் திறக்க எத்தனை வினாடி, 108 ஊர்தியை அழைத்து முகவரியைத் தெளிவாகச் சொல்லி முடிக்க எத்தனை வினாடி என்பவற்றை ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். அதே நோட்டில் கண்டுபிடித்த குறை, அதற்குப் பொறுப்பானவர், அது சரிசெய்யப்பட்ட தேதி என மேலும் மூன்று பத்திகள் இருக்க வேண்டும். ஆய்வுக்குச் செல்லும் அலுவலர்கள் கருவிப் பட்டியலைப் புரட்டுமுன் அந்தக் கடைசிப் பத்தியைப் பார்க்கலாம்.